சாகப்போற ஹார்டு டிஸ்க்ல கல்யாண போட்டோ மாட்டிக்கிச்சு, எந்த ரெக்கவரி சாஃப்ட்வேர் போடலாம்?

ஷட்டர்காரன்:

வணக்கம். காரைக்குடி பக்கம் சின்னதா ஒரு ஸ்டுடியோ வச்சிருக்கேன், கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேசம்னு எல்லாம் எடுப்போம். எடிட்டிங்ல இருக்கிற வேலை எல்லாம் ஒரு 1 டிபி எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்ல தான் கெடக்கு, மூணு வருஷமா ஓடுற டிஸ்க், உள்ள சுமார் 640 ஜிபி இருக்கும். பத்து நாளைக்கு முன்னாடி இருந்து ஃபோல்டர் தொறக்க ரொம்ப நேரம் எடுத்துச்சு, சரி கம்ப்யூட்டர் தான் ஸ்லோன்னு விட்டுட்டேன். முந்தாநாள் ஒரு கல்யாண ஃபோல்டரை காப்பி பண்ணப் போனா பாதில நின்னு போயி மொத்த கம்ப்யூட்டரும் அப்படியே உறைஞ்சு போச்சு. பக்கத்துல கம்ப்யூட்டர் கடைல கேட்டேன், விண்டோஸ்ல வர்ற செக்டிஸ்க் ஓட்டுங்க சரியாயிடும்னு சொன்னாங்க. ஓட்டினேன், 11 பெர்சன்ட்லயே முக்கால் மணி நேரம் நின்னுச்சு, பயந்து போயி பிடுங்கிட்டேன். அதுக்கப்புறம் சொருகினா டிரைவ் லெட்டர் வருது, ஆனா "ஃபார்மேட் பண்ணினா தான் யூஸ் பண்ண முடியும்"னு கேக்குது. நல்லவேளை ஓகே குடுக்கல.

இப்ப ஒரு ரெக்கவரி சாஃப்ட்வேர் டவுன்லோடு பண்ணி ஸ்கேன் போட்டிருக்கேன், ஆறு மணி நேரத்துல 2 பெர்சன்ட் தான் ஆயிருக்கு. இதைவிட வேகமா ஸ்கேன் பண்ற சாஃப்ட்வேர் எது? காசு குடுத்து வாங்கவும் ரெடி. கேமரா கார்டெல்லாம் ஃபார்மேட் பண்ணியாச்சு. அந்தப் பொண்ணு வீட்டுல ஆல்பம் எப்பன்னு தினம் போன் பண்றாங்க. மூணு நாளா தூக்கமே இல்ல.

கோவை_ஸ்பேர்ஸ்:

தம்பி, மொதல்ல அந்த ஸ்கேனை நிறுத்துங்க. இதைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் கூட ஓட வேணாம், கேன்சல் குடுத்துட்டு டிஸ்க்கை வெளிய எடுத்து வச்சிருங்க. நான் கோயம்புத்தூர்ல லேப்டாப், ஹார்டு டிஸ்க் சர்வீஸ் பார்க்கறேங்க, பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. நீங்க சொல்ற கதை மாசத்துக்கு ரெண்டு வரும், அதுல பாதிப் பேர் இந்த ஸ்கேன் ஓடிட்டு இருக்கும்போதே டிஸ்க்கை முழுசா இழந்துட்டு வந்து நிப்பாங்க, அதனால தான் அவசரமா சொல்றேன்.

எந்த சாஃப்ட்வேர்ங்கறது இப்ப கேள்வியே இல்லீங்க. உங்க டிஸ்க்குக்கு இன்னும் எத்தனை மணி நேரம் உசுரு இருக்குன்னு யாருக்கும் தெரியாது. இருக்கற நேரத்தை ஒரே ஒரு வேலைக்கு தான் செலவு பண்ணணும்: மொத்த டிஸ்க்கையும் முதல் செக்டார்ல (டிஸ்க் டேட்டாவைப் பிரிச்சு வச்சிருக்கற சின்னத் துண்டு) இருந்து கடைசி செக்டார் வரைக்கும் வேற ஒரு நல்ல டிஸ்க்குக்கு அப்படியே இமேஜா, அதாவது அச்சு அசல் நகலா எடுக்கறது. ஃபோல்டர் தெரியுதா, ஃபைல் தொறக்குதான்னு எல்லாம் அப்போ பார்க்கவே கூடாது. ரெக்கவரி சாஃப்ட்வேர், ஸ்கேன், ரிப்பேர் எல்லாமே அந்த இமேஜ் மேல தான். இமேஜ்ல பத்து தடவை தப்பு பண்ணினாலும் பரவால்ல, ஒரிஜினல்ல பண்ற தப்புக்கு ரெண்டாவது வாய்ப்பு கிடையாது.

ஏன் ஸ்கேன் இவ்வளவு மெதுவா போகுதுன்னா, டிஸ்க்குக்கு ஒரு செக்டாரைப் படிக்க முடியலைனா அது உடனே "முடியல"ன்னு சொல்லாது, உள்ளுக்குள்ளயே திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். 512 பைட்டுக்காக பல செகண்டு நிக்கும். உங்களுக்கு அது தான் கம்ப்யூட்டர் உறைஞ்ச மாதிரி தெரிஞ்சுது. ரெக்கவரி சாஃப்ட்வேருங்க நெறைய, கெட்ட இடம் வந்தா அங்கயே முட்டிக்கிட்டு நிக்கும், நல்ல இடம் பின்னாடி 600 ஜிபி காத்துட்டு இருக்கறது அதுக்குத் தெரியாது. அதுக்குள்ள டிஸ்க்கைப் படிக்கற ஹெட்டு சோர்ந்து போயிடும்.

செக்டிஸ்க் பத்தி: அது டேட்டாவைக் காப்பாத்தற கருவி இல்லீங்க, ஃபைல் சிஸ்டத்தோட கணக்கு வழக்கை நேர் பண்ற கருவி. எந்த என்ட்ரியைப் படிக்க முடியலையோ அதைத் தூக்கிட்டு கணக்கை முடிச்சிரும், மிச்சத்தை ஃபவுண்டு.000ன்னு ஒரு ஃபோல்டர்ல கொட்டும். நல்ல டிஸ்க்ல, கரண்ட் போயி ஏதோ குழம்பினா ஓட்டலாம். செக்டார் செத்துட்டு இருக்கற டிஸ்க்ல ஓட்டினா, எழுதவே கூடாத இடத்துல எழுதற வேலை அது. நடுவுல பிடுங்கினதை நினைச்சு வருத்தப்படாதீங்க, முழுசா ஓடியிருந்தா இன்னும் மோசம்.

ரெண்டு விஷயம் சொல்லுங்க. டிஸ்க் கீழ விழுந்துச்சா? சத்தம் எப்படி வருது, சொருகினதும் ஒரே சீரா சுத்துதா, இல்ல டொக் டொக்னு தாளம் போடுற மாதிரி அடிக்குதா, இல்ல சுத்தாம பீப் பீப்னு முனகுதா? டொக் டொக்னோ பீப்னோ வந்தா கீழ யார் என்ன எழுதினாலும் கேக்காதீங்க, இனி ஒரு தடவை கூட கரண்ட் குடுக்காம நேரா கிளீன் ரூம் (தூசியே இல்லாத அறை) வச்சிருக்கற லேபுக்குக் கொண்டு போங்க.

டெர்மினல்_தம்பி:

ப்ரோ ஸ்கேன் நிறுத்துறது கரெக்ட். குளோன் பண்றதுக்கு குளோன்ஸில்லா போதும், ஃப்ரீ தான், பென் டிரைவ்ல போட்டு பூட் பண்ணி டிஸ்க் டு டிஸ்க் குடுங்க. இல்லாட்டி லினக்ஸ்ல காப்பி எடுக்கிற டிடி கமாண்டு, நோஎர்ரர் ஆப்ஷன் போட்டா எர்ரர் வந்தாலும் தாண்டிப் போயிடும். நான் என் லேப்டாப் டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு மாத்தினப்ப டிடிலயே தான் பண்ணினேன், ரெண்டரை மணி நேரத்துல முடிஞ்சுது.

கோவை_ஸ்பேர்ஸ்:

தம்பி நீங்க மாத்தினது நல்ல டிஸ்க், அதுக்கு ரெண்டுமே அருமையான கருவி, நானும் தினம் யூஸ் பண்றேன். சாகப்போற டிஸ்க்குக்கு ரெண்டும் ஆகாதுங்க. குளோன்ஸில்லா சாதாரணமா பேட் செக்டார் வந்தா நின்னுரும். டிடியில நோஎர்ரர் போட்டா நிக்காது, ஆனா கூட சிங்க் ஆப்ஷன் போட மறந்தீங்கன்னா படிக்க முடியாத துண்டை விட்டுட்டு அடுத்ததை அந்த இடத்துலயே ஒட்டிரும், அதுக்கப்புறம் வர்றது எல்லாமே இடம் மாறிப் போயி இமேஜே குப்பை. சிங்க் போட்டாலும், பிளாக் சைஸ் பெருசா வச்சிருந்தா ஒரே ஒரு செக்டார் கெட்டதுக்கு அந்த மொத்த பிளாக்கையும் ஜீரோ போட்டு நிரப்பிடும். நடுவுல டிஸ்க் தொங்கிப் போச்சுன்னா எது வரைக்கும் வந்தோம்னு அதுக்கு ஞாபகம் இருக்காது. எல்லாத்தையும் விட, அது முன்னாடி இருந்து பின்னாடி வரிசையா மட்டும் தான் போகும். கெட்ட இடம் ஆரம்பத்துலயே இருந்தா அங்கயே டிஸ்க்கோட ஆயுசு முடிஞ்சிரும்.

இதுக்குன்னே இருக்கறது குனூ டிடிரெஸ்க்யூ. அன்டோனியோ டயஸ் டயஸ்ங்கறவர் எழுதினது, 2004ல இருந்து இருக்கு. உபுண்டுல பேக்கேஜ் பேரு ஜிடிடிரெஸ்க்யூன்னு முன்னாடி ஒரு ஜி சேர்த்து இருக்கும், ஆனா கமாண்டு டிடிரெஸ்க்யூ தான். நடுவுல அண்டர்ஸ்கோர் போட்ட டிடி_ரெஸ்க்யூன்னு வேற ஒண்ணு இருக்கு, அது வேற ஆள் எழுதின வேற புரோகிராம், குழப்பிக்காதீங்க.

அது வேலை செய்யற விதம் தான் அழகு. மொதல்ல சுலபமா வர்றதை எல்லாம் அள்ளும், ஒரு இடம் முரண்டு பிடிச்சா குறிச்சு வச்சிட்டு ஒரு தாவு தாவும், திரும்பவும் முரண்டு பிடிச்சா இன்னும் பெரிய தாவு. கடைசி வரைக்கும் போயிட்டு, அடுத்த சுத்துல பின்னாடி இருந்து முன்னாடி வரும், ஏன்னா கெட்ட இடத்தோட அந்தப் பக்க ஓரம் பின்னாடி இருந்து வந்தா தான் சிக்கும். நல்லதெல்லாம் கைக்கு வந்த பின்னாடி தான் கெட்ட இடத்தோட ஓரத்தைச் செதுக்கும், அதுக்கப்புறம் தான் உள்ள ஒவ்வொரு செக்டாரா சுரண்டும். நெல்லு அறுக்கறப்ப மொதல்ல அறுத்துட்டு, கடைசியா கீழ சிந்தின கதிரைப் பொறுக்கற மாதிரிங்க. இது எல்லாத்தையும் மேப் ஃபைல்னு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதிட்டே வரும், எந்த இடம் வந்தாச்சு, எது பாக்கி, எது கெட்டதுன்னு. கரண்ட் போனாலும் டிஸ்க் தொங்கினாலும் அதே கமாண்டை திரும்பக் குடுத்தா விட்ட இடத்துல இருந்து தொடரும்.

ஷட்டர்காரன்:

அண்ணே ரொம்ப நன்றிண்ணே, ஸ்கேனை நிறுத்தி டிஸ்க்கை எடுத்து வச்சிட்டேன். கீழ விழல. டொக் டொக் சத்தமும் இல்ல, சீரா தான் சுத்துது, நடுவுல சில நேரம் கர்ர்ருனு இழுத்துட்டு திரும்ப சரியாகும். டெஸ்க்டாப்ல ஒரு ஃப்ரெண்டு சொல்லி ஸ்மார்ட் (டிஸ்க் தன்னோட உடம்பு நிலைமையைத் தானே குறிச்சு வைக்கிற ரிப்போர்ட்) பார்த்து வச்சிருந்தேன் நேத்து, அதுல 5ஆவது வரில 16, 197ல 2344, 198ல 2344, 199ல 0. இன்னொரு ஆள் ஃப்ரிட்ஜ்ல ஃப்ரீசர்ல ரெண்டு மணி நேரம் வச்சு எடுத்தா படிக்கும்னு சொல்றாரு, பண்ணலாமா?

கோவை_ஸ்பேர்ஸ்:

ஃப்ரீசர் வேணவே வேணாங்க. அந்தக் காலத்து டிஸ்க் சிலதுல சிக்கின பாகம் சுருங்கி சுத்தினதா கேள்விப்பட்டு எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. வெளிய எடுத்ததும் நம்ம ஊர் வெக்கைக்கு உள்ள வேர்த்துரும். ஹெட்டு பிளாட்டருக்கு (உள்ள சுத்தற தட்டு) மேல சில நானோமீட்டர் உயரத்துல தான் பறக்குது, நடுவுல ஒரு துளி ஈரம் இருந்தா அதோட கதை முடிஞ்சுது. அதே காரணத்துக்காக மூடியையும் கழட்டக் கூடாது, ஒரு தூசி அந்த இடைவெளியை விட எத்தனையோ மடங்கு பெருசு.

உங்க நம்பர் நல்ல சேதி தாங்க. 199 ஜீரோன்னா கேபிள் பக்கம் பிரச்சனை இல்ல. 197ல 2344ங்கறது டிஸ்க்கால படிக்க முடியாம சந்தேக லிஸ்ட்ல வச்சிருக்கற செக்டார், 512 பைட் கணக்குக்கு அது சுமார் 1.2 எம்பி தான். நிஜத்துல அதைவிட கூட இருக்கும், ஏன்னா டிஸ்க் இன்னும் தொடாத இடத்துல எவ்வளவு கெட்டிருக்குன்னு அதுக்கே தெரியாது. ஆனாலும் ஹெட்டு படிக்குது, சத்தம் சரியா இருக்கு, வீட்டுலயே முயற்சி பண்ணலாம். ஆனா ஒண்ணு, உங்களுக்கு அந்த டேட்டா உசுரு மாதிரின்னா, கைல காசும் இருந்தா, இப்பவே லேபுக்குக் கொண்டு போறதும் தப்பே இல்ல. போற லேபுல "மொதல்ல இமேஜ் எடுப்பீங்களா"ன்னு கேளுங்க. இல்ல, நேரா ஸ்கேன் போடுவோம்னு சொன்னா டிஸ்க்கைத் திரும்ப வாங்கிட்டு வந்துருங்க.

நீங்களே பண்றதா இருந்தா, புதுசா ஒரு 2 டிபி டிஸ்க் வாங்குங்க. 1 டிபிக்கு 1 டிபி வாங்கி நேரடியா டிஸ்க்குக்கு டிஸ்க் எழுதலாம் தான், ஆனா புது ஆளுக்கு நான் அதைச் சொல்றதே இல்ல. சோர்ஸையும் டெஸ்டினேஷனையும் மாத்திக் குடுத்தா காலி டிஸ்க் போயி உங்க கல்யாணம் மேல உக்காந்துக்கும். என் கடைலயே வேலைக்கு இருந்த ஒரு பையன் கையில அப்படி ஆயிருக்கு, அந்த வீட்டுக்காரங்க முகம் இன்னும் கண்ணுல நிக்குதுங்க. அதனால பெரிய டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணி, அதுக்குள்ள ஒரு ஃபைலா இமேஜ் எடுங்க. இஎக்ஸ்டி4 இல்லாட்டி என்டிஎஃப்எஸ் போடுங்க, ஃபேட்32 போட்டா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் எழுத விடாது. இதுல இன்னொரு பாதுகாப்பும் இருக்கு, டிடிரெஸ்க்யூ நேரடியா ஒரு டிஸ்க் மேல எழுதணும்னா ஃபோர்ஸ் ஆப்ஷன் இல்லாம ஒத்துக்காது. நீங்க ஃபைலுக்குத் தான் எழுதறீங்க, அப்பவும் அது ஃபோர்ஸ் கேட்டுச்சுன்னா ஏதோ தப்பா டைப் பண்ணியிருக்கீங்கன்னு அர்த்தம், கையை எடுத்துருங்க.

இன்னொண்ணு, அந்த எக்ஸ்டெர்னல் டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு மெதுவா பாருங்க. சிலதுல யூஎஸ்பி போர்ட் டிஸ்க்கோட போர்டுலயே சால்டர் பண்ணியிருக்கும், அப்போ யூஎஸ்பில தான் எடுத்தாகணும், போர்டை மாத்தி விளையாடக் கூடாது. சிலதுல சாட்டாவை யூஎஸ்பியா மாத்தற சின்னதா ஒரு பிரிட்ஜ் போர்டு, டிஸ்க்கோட சாட்டா பின்ல சொருகி இருக்கும், அதைக் கழட்டிட்டு டெஸ்க்டாப்ல நேரா சாட்டா கேபிள்ல மாட்டுங்க. யூஎஸ்பி நடுவுல இருந்தா எர்ரர் வரும்போது பிரிட்ஜே தொங்கிப் போகும், ஒவ்வொரு தடவையும் பிடுங்கிச் சொருகணும்.

மேகமலை:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், நான் இதே வேலையைப் பண்ணி ஒரு இடத்துல அடி வாங்கினவன், அதனால சொல்லியே ஆகணும். லைவ் பென் டிரைவ்ல (டிஸ்க்ல இன்ஸ்டால் பண்ணாம பென் டிரைவ்ல இருந்தே ஓடுற லினக்ஸ்) பூட் பண்ணும்போது ஹோம் ஃபோல்டர் நிஜமான டிஸ்க்ல இல்ல, ரேம்ல தான் இருக்கு. மேப் ஃபைலை நான் அங்க வச்சிட்டேன். 26 மணி நேரம் ஓடி 700 ஜிபி வந்திருந்துச்சு, ராத்திரி கரண்ட் போச்சு, யூபிஎஸ் இல்ல. இமேஜ் பத்திரமா இருந்துச்சு, மேப் போச்சு. எது வந்தது எது வராததுன்னு தெரியாம முதல்ல இருந்து ஆரம்பிச்சேன், ரெண்டாவது தடவை அந்த டிஸ்க் 200 ஜிபி கூட தாண்டல. என் அப்பாவோட குரல் இருந்த ரெண்டு வீடியோ அதுல போச்சு. தயவு செஞ்சு மேப் ஃபைலை இமேஜ் இருக்கிற அதே புது டிஸ்க்ல வைங்க, யூபிஎஸ்ல மாட்டுங்க.

சிஸ்டம்ரெஸ்க்யூன்னு ஒரு லைவ் லினக்ஸ் இருக்கு, டிடிரெஸ்க்யூ, தொலைஞ்ச பார்ட்டிஷன், ஃபைலைத் தேடி எடுக்கிற டெஸ்ட்டிஸ்க், ஸ்மார்ட் பார்க்கிற கருவி எல்லாம் அதுலயே வரும், இன்டர்நெட் தேவை இல்ல. உபுண்டு லைவ் போட்டீங்கன்னா ஆட்டோமவுண்ட்டை அணைச்சிடுங்க, இல்லாட்டி டிஸ்க் சொருகின உடனே அதுவே தொறந்து பார்க்க ஆரம்பிச்சிடும். உங்க விண்டோஸ் டிஸ்க், மத்த வேலை இருக்கிற டிஸ்க் எல்லாத்தோட கேபிளையும் கழட்டிடுங்க. கம்ப்யூட்டருக்குள்ள ரெண்டே டிஸ்க் தான், பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு.

எது எதுன்னு கண்டுபிடிக்க, புதுசை மட்டும் மாட்டி, மாட்டியிருக்கிற டிஸ்க்கை லிஸ்ட் காட்டுற எல்எஸ்பிஎல்கே (lsblk) கமாண்டு குடுங்க, பேரை பேப்பர்ல எழுதிக்கங்க. அப்புறம் கம்ப்யூட்டரை அணைச்சு பழசையும் மாட்டி திரும்பப் பாருங்க. ஆனா பேரை மட்டும் நம்பாதீங்க, பூட் பண்ற ஒவ்வொரு தடவையும் லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கிற எஸ்டிஏ, எஸ்டிபிங்கற பேரு மாறலாம். மாடலும் சீரியல் நம்பரும் காட்டச் சொல்லி, டிஸ்க் மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரோட எழுத்து எழுத்தா சரி பாருங்க. நான் டார்ச் அடிச்சு வாய் விட்டுப் படிச்சுப் பார்ப்பேன்.

டெர்மினல்_தம்பி:

நோஎர்ரர் பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன், சிங்க் விஷயம் எனக்குத் தெரியாது, இன்னிக்கு ஒரு பழைய டிஸ்க்ல டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன், அண்ணன் சொன்ன மாதிரி தான் ஆகுது. கமாண்டு ஆப்ஷன் என்னன்னு அவருக்கு சொல்லிடுங்கண்ணே, தப்பா எதுவும் டைப் பண்ணிடக் கூடாது.

கோவை_ஸ்பேர்ஸ்:

டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்க பாருங்க, அது நல்ல பழக்கம் தம்பி.

கமாண்டுல வரிசை தாங்க முக்கியம்: மொதல்ல சோர்ஸ், ரெண்டாவது இமேஜ் ஃபைல், மூணாவது மேப் ஃபைல். முதல் சுத்துக்கு மைனஸ் டி (-d), மைனஸ் என் (-n) ரெண்டு ஆப்ஷனும் சின்ன எழுத்துல. மைனஸ் டி போட்டா லினக்ஸ் கர்னல் நடுவுல தேக்கி வைக்கற கேஷைத் தாண்டி டிஸ்க்கை நேரா படிக்கும். மைனஸ் என் போட்டா கடைசி சுரண்டல் வேலையை இப்போதைக்கு விட்டுரும். சோர்ஸ் குடுக்கும்போது மொத்த டிஸ்க்கோட பேரைக் குடுங்க, பின்னாடி 1, 2ன்னு நம்பர் போட்ட பார்ட்டிஷன் பேரை இல்ல.

ஸ்க்ரீன்ல ரெஸ்க்யூட்ங்கற எண் ஏறிட்டே போகும், நல்ல டிஸ்க்னா 1 டிபிக்கு மூணு மணி நேரம், உங்களுதுக்கு ஒரு நாளும் ஆகலாம் மூணு நாளும் ஆகலாம். வேகம் திடீர்னு விழுந்தா பதறி எதையும் அழுத்தாதீங்க, அதுவே தாவிப் போகும். டிஸ்க் மேல ஒரு டேபிள் ஃபேன் காத்து படற மாதிரி வைங்க, ஆனா டிஸ்க் ஆடக் கூடாது. சத்தத்துல மட்டும் காதை வச்சிருங்க, டொக் டொக்னு ஆரம்பிச்சா உடனே கண்ட்ரோல் சி குடுத்து நிறுத்தி கரண்ட்டை எடுத்துருங்க, மேப் இருக்கு, மிச்சத்தை லேபுல தொடரலாம்.

முதல் சுத்து முடிஞ்சதும் ரெண்டாவது சுத்து, மைனஸ் என் ஆப்ஷனை எடுத்துட்டு அந்த இடத்துல மைனஸ் ஆர் 3 (-r3). இது தான் கெட்ட இடத்துக்குள்ள போயி சுரண்டறது, மூணு தடவை திரும்ப முயற்சி பண்றது. அதே இமேஜ், அதே மேப், ஒரு எழுத்து மாறக் கூடாது.

ஷட்டர்காரன்:

அண்ணே, ரெண்டு நாளா போஸ்ட் போடல, பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.

உள்ள பிரிட்ஜ் போர்டு தான் இருந்துச்சு, கழட்டி நேரா சாட்டாவுல மாட்டிட்டேன். சீரியல் நம்பரை நானும் என் அசிஸ்டென்ட் பையனும் ஆளுக்கொரு தடவை படிச்சோம். ஆரம்பத்துல 90 எம்பிக்கு மேல வேகமா போச்சு, 312 ஜிபில திடீர்னு விழுந்து சில கேபில நின்னுச்சு, வயித்துல புளியைக் கரைச்சுது. அஞ்சு நிமிஷம் கூட இல்ல, ஒரே தாவா தாவி திரும்ப 90க்கு வந்துச்சு. அப்படி நாலஞ்சு இடம். முதல் சுத்து 14 மணி நேரம், 99.91 பெர்சன்ட். ரெண்டாவது சுத்து தான் ரொம்ப நேரம், ஒரு ராத்திரி ஒரு பகல் முழுக்க. கடைசில படிக்க முடியாம நின்னது 6.2 எம்பி. மொத்த 1 டிபில 6.2 எம்பி! கர்ர்ரு சத்தம் கடைசி சில மணி நேரத்துல கூடிக்கிட்டே போச்சு, மைனஸ் ஆர் 3 முடிஞ்சதும் எடுத்து பெட்டில வச்சு மேல "தொடாதே"ன்னு எழுதி ஒட்டிட்டேன்.

இப்ப இந்த இமேஜை என்ன பண்ணணும்? எந்த போட்டோவெல்லாம் அந்த 6.2 எம்பிக்குள்ள மாட்டிச்சுன்னு கண்டுபிடிக்க வழி இருக்கா?

கோவை_ஸ்பேர்ஸ்:

மனசு நிறைஞ்சுதுங்க. இனி அவசரமே இல்ல, சாப்பிட்டு நல்லா தூங்கி எந்திரிச்சு மீதியைப் பண்ணுங்க.

இமேஜை ஒரு காப்பி எடுத்துக்கங்க, இல்லாட்டி ரீட் ஒன்லியா வைங்க. டெஸ்ட்டிஸ்க்குக்கு டிஸ்க் பேருக்குப் பதிலா இமேஜ் ஃபைல் பேரைக் குடுத்துத் தொறங்க. என்டிஎஃப்எஸ்ல பூட் செக்டாரோட நகல் ஒண்ணு பார்ட்டிஷனோட கடைசில இருக்கும், முன்னாடி இருக்கறது கெட்டிருந்தா டெஸ்ட்டிஸ்க் அதை எடுத்துக்கும். ஃபைல் லிஸ்ட் தெரிஞ்சதுன்னா ஃபோல்டர், பேரு, தேதி எல்லாத்தோட அப்படியே வேற டிஸ்க்குக்கு காப்பி பண்ணிக்கலாம். ஃபோட்டோரெக்குக்கு உடனே ஓடாதீங்க, அது படத்தைப் பொறுக்கி எடுத்துரும் ஆனா பேரு, ஃபோல்டர் ஒண்ணும் இருக்காது, பல ஆயிரம் போட்டோவை எந்த வீட்டுக் கல்யாணம்னு பிரிக்க வேண்டி வரும். அது கடைசி வழி.

எது அடிபட்டதுன்னு பார்க்க டிடிரெஸ்க்யூலயே ஃபில் மோடுன்னு ஒண்ணு இருக்குங்க. ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எங்கயும் வராத மாதிரி ஒரு சொல்லை எழுதிட்டு, அதை சோர்ஸா குடுத்து, காப்பி எடுத்த இமேஜையும் மேப்பையும் குடுத்தா, மேப்ல கெட்டதுன்னு குறிச்ச இடத்துல மட்டும் அந்தச் சொல்லை நிரப்பிரும். அப்புறம் அந்த இமேஜை ரீட் ஒன்லியா மவுண்ட் பண்ணி எந்தெந்த ஃபைலுக்குள்ள அந்தச் சொல் இருக்குன்னு கிரெப்ங்கற தேடற கமாண்டு போட்டுத் தேடினா லிஸ்ட் வந்துரும்.

அந்த கார்டு விஷயம் கேக்கணும்னு நினைச்சேன். ஃபார்மேட் பண்ணியாச்சுன்னு சொன்னீங்க, அதுக்கப்புறம் அதுல எவ்வளவு எடுத்தீங்க? பெரும்பாலும் கேமராவுல சாதாரண ஃபார்மேட் அட்டவணையைத் தான் அழிக்கும், படம் அடியில அப்படியே இருக்கும், மேல புதுசா எடுத்தா தான் போகும். எடுக்கலைனா இனி அந்தக் கார்டைக் கேமராவுலயே போடாதீங்க. அதையும் இதே மாதிரி மொதல்ல இமேஜ் எடுத்துட்டு அந்த இமேஜ் மேல ஃபோட்டோரெக் ஓட்டுங்க.

ஷட்டர்காரன்:

அண்ணே, முடிஞ்சுது.

டெஸ்ட்டிஸ்க்ல ஃபோல்டர் எல்லாம் பேரோட வந்துச்சு. செக்டிஸ்க் கை வச்ச ஒரு பழைய ஃபோல்டர் மட்டும் காலியா இருக்கு, அது போன வருஷமே டெலிவரி குடுத்த வேலை. கிரெப் போட்டதுல 19 ஃபைல் அடிபட்டிருக்கு, அதுல 12 இந்தக் கல்யாணம்.

எங்கிட்ட ரெண்டு 64 ஜிபி கார்டு. ஒண்ணுல அதுக்கப்புறம் ஒரு வளைகாப்பு எடுத்துட்டேன். இன்னொண்ணு பையன் கேமரால போட்டது, ஃபார்மேட் பண்ணி பைக்குள்ளயே கெடந்துச்சு, ஒரு படம் கூட எடுக்கல. நீங்க சொன்னபடி ரெண்டையும் இமேஜ் எடுத்து ஃபோட்டோரெக் ஓட்டினேன். பேரு இல்லாம நம்பரா வந்துச்சு, படம் எடுத்த நேரத்தை வச்சு ஒண்ணு ஒண்ணா ஒப்பிட்டுப் பார்த்தோம். 12ல 9 கெடச்சிடுச்சு. தாலி கட்டுற வரிசைல முக்கியமான ஒரு படம் ஹார்டு டிஸ்க்ல பாதிக்குக் கீழ சாம்பலா இருந்துச்சு, பொண்ணோட முகம் வரைக்கும் இருக்கு, கை இல்ல, தாலி இல்ல. கார்டுல அதே படம் முழுசா இருக்கு, காலைல 6 மணி 42 நிமிஷம் 18 செகண்டு. பார்த்ததும் பையன் கத்திட்டான்.

மீதி மூணும் பந்தில சாப்பிடுறது ரெண்டு, வாசல்ல கோலம் ஒண்ணு. பொண்ணோட அப்பாகிட்ட நடந்ததை மறைக்காம நேரா சொன்னேன். கோவப்படுவார்னு நெனச்சேன், கோலம் போட்டது அவங்க அம்மாவாம், அது வேற கோணத்துல இருக்கான்னு மட்டும் கேட்டார். தேடிட்டு இருக்கேன், வீடியோல ஒரு இடத்துல வாசல் வருது, அதுல இருந்து ஒரு ஃப்ரேம் எடுத்துக் குடுக்கலாம்னு இருக்கேன்.

மேகமலை:

அந்த ஃப்ரேமை எடுத்துக் குடுங்க தம்பி, நல்லா வரும். பழைய டிஸ்க்கை ஆல்பம் டெலிவரி ஆகுற வரைக்கும் தூக்கிப் போடாதீங்க. வாரண்டி பாக்கி இருந்தாலும் இப்ப அனுப்பாதீங்க, மாத்திக் குடுப்பாங்களே தவிர பழசு திரும்ப வராது. அந்த மேப் ஃபைலையும் ஒரு காப்பி வச்சிருங்க, பின்னாடி ஒரு நாள் அந்த 6.2 எம்பிக்காக லேபுக்குக் குடுக்கணும்னு தோணினா அது உதவும்.

ஷட்டர்காரன்:

சரிண்ணே, மேப்பை மெயில்லயும் போட்டு வச்சிட்டேன். இன்னிக்கு சாயங்காலம் வந்த ஒரு நிச்சயதார்த்தத்தை ரெண்டு டிஸ்க்ல இறக்கிட்டுத் தான் கார்டை ஃபார்மேட் பண்ணினேன். கோவை அண்ணே, காரைக்குடி பக்கம் வந்தா கண்டிப்பா வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுட்டுத் தான் போகணும்.